பெரிய வீட்டில் ஒற்றை ஆள்: ஊரடங்கில் நான் வைத்த கவலைக் கணக்கு

செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரியும். அறைகளை எண்ணினால் நாற்பதுக்கு மேல் வரும். பங்காளிகள் எல்லாரும் சென்னை, கோவை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் வீடு நிறையும், அடுப்பு அணையாது. மற்ற நாளில் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, இருபத்தொரு நாள் யாரும் வெளியே வரக்கூடாது என்று பிரதமர் டிவியில் சொன்னபோது எனக்கு வயது அறுபத்திரண்டு. முதலில் சிரிப்புத்தான் வந்தது. தனியாக இருப்பது எனக்குப் புதுசா என்ன? நாலாம் நாள் சிரிப்பு போய்விட்டது. கதவைத் திறந்து வைத்தாலும் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு தனியாக இருப்பது வேறு விஷயம்.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் என் தங்கை மகளுக்கு ஒரு வைத்தியம் நடந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், ஆறு வாரம் யாரையும் கிட்டே சேர்க்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பெரியம்மா, கொரோனா நேரத்துல அந்த வீட்டுல நீங்க எப்படித் தனியா இருந்தீக? எழுதி அனுப்புங்க" என்றாள். அவளுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் சேர்த்து இங்கே போடுகிறேன். தைரியமாக இருங்கள், நல்லதே நினையுங்கள் என்று சொல்லப் போவதில்லை. அப்படி யாராவது போனில் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டைச் சுருக்குங்கள்

முதல் வாரம் நான் செய்த தப்பு, வீடு முழுவதையும் காவல் காத்தது. ராத்திரி ஒவ்வொரு கட்டாகப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். படுத்த பிறகு மேல்மாடியில் ஏதோ உருளும். பகலில் போய்ப் பார்த்தால் வவ்வால் எச்சமும் பழைய மரத்தூளும்தான் இருக்கும். பர்மாத் தேக்கு நூறு வயசானாலும் வெயிலுக்கும் குளிருக்கும் முனகும் என்று தெரியும். தெரிந்து என்ன பயன், ராத்திரி இரண்டு மணிக்கு அது முனகல் மாதிரியா கேட்கிறது?

பிறகு முகப்பையும் மாடியையும் பூட்டிச் சாவியைப் பெட்டகத்தில் போட்டேன். இரண்டாங்கட்டில் ஒரு அறை, அதை ஒட்டிய பத்தி (தாழ்வாரம்), சமையல்கட்டு, கிணற்றடி. என் வீடு அவ்வளவுதான் என்று ஆக்கிக்கொண்டேன். அந்த இடத்துக்குள்ளேயும் பிரித்தேன். கட்டில் தூங்க மட்டும். பத்தியில் உள்ள மர நாற்காலி போன் பேச. ஜன்னலோரம் ஒரு தடுக்கு, அங்கே உட்கார்ந்தால் கைவேலை, கவலைக்கு அங்கே அனுமதி இல்லை. ஒரே கட்டிலில் சாப்பிட்டு, செய்தி பார்த்து, பயந்து, தூங்கவும் பார்த்தால் தூக்கம் வராது. ஒரே அறையில் அடைந்து கிடப்பவர்கள்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டாவது இரண்டு இடம் உண்டாக்கிக்கொள்ளலாம்.

காரைக்குடியில் என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா இரண்டு அறை வீட்டில் ஆறு பேரோடு மாட்டிக்கொண்டார். "ஆச்சி, நீங்க தனியா இருக்கீகன்னு அழுவுறீக, எனக்குக் குளியலறைதான் தனிமை" என்பார். அவருக்கு நான் எழுதுவதில் பாதி பொருந்தாது. தினம் அரை மணி நேரம் மொட்டை மாடி தனக்கு மட்டும் என்று வீட்டில் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார். சரியான சண்டை.

நேரத்துக்கு முளை அடியுங்கள்

எங்கள் ஊரில் நேரம் காதில்தான் வரும். செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம், கோயில் மணி, பள்ளிக்கூட வேன். அந்த மார்ச்சில் ரயில் நின்றது, கோயில் நடை பக்தர்களுக்கு அடைத்தது, பள்ளிக்கூடம் மூடியது. ஒரு வாரத்தில் எது காலை, எது மதியம் என்ற புத்தியே மழுங்கிவிட்டது. பதினொரு மணிக்குக் காப்பி, நாலு மணிக்குச் சோறு.

நீளமான கால அட்டவணை எல்லாம் போடாதீர்கள், மூன்றாம் நாளே விட்டுவிட்டு, விட்டுவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து வருத்தப்படுவோம். நான்கு முளை போதும். நான் அடித்தவை: ஆறரைக்குக் கோலம், பன்னிரண்டரைக்குச் சோறு, ஐந்து மணிக்குக் கணக்கு, ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பது. நடுவில் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். காலை வெயில் கண்ணில் படுவது ராத்திரித் தூக்கத்துக்கு உதவும் என்பதால் கோலத்தை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. அந்தக் கோலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, கீழே சொல்கிறேன்.

கவலைக்கு ஒரு சிட்டை, ஒரு பேரேடு

இதைக் கற்றுக்கொண்டது எங்கள் அப்பத்தாவிடம். அவளுக்கு இது ஒரு முறை என்றே தெரியாது. ஐயா, அதாவது எங்கள் தாத்தா, ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு முடித்து ஊருக்கு வருவார். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, அடுத்த மார்ச்சில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தான். கடுதாசி நின்றுபோனது. ஐயா இருக்கிறாரா இல்லையா என்று மாதக்கணக்கில் தெரியாது. கைக்குழந்தையோடு இருந்த அப்பத்தா, பொழுது சாய்ந்ததும் கிணற்றடித் துவைகல்லில் போய் உட்கார்ந்து அழுவாளாம். விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து விளக்கேற்றுவாளாம். மற்ற நேரம் அவள் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. ஐயா கோடையில் நடந்தே வந்து சேர்ந்தார், எலும்பும் தோலுமாக. கவலைக்கு இடம் கிணற்றடி, நேரம் அந்தி. அப்பத்தா செய்தது அவ்வளவுதான். தினமும் கவலைப்பட என்று ஒரு நேரத்தை ஒதுக்கச் சொல்லி மனநல மருத்துவர்களும் இன்றைக்குச் சொல்லித்தருகிறார்கள்.

நான் கணக்கர் என்பதால் கிணற்றடியோடு ஒரு நோட்டையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு நோட்டு வேண்டும். ஒன்று சின்னது, இடுப்பில் செருகுகிற அளவு. அதுதான் சிட்டை. மற்றது நீள நோட்டு, பேரேடு. முதல் பக்கம் தலையில் உ, சிவமயம் போட்டுத்தான் ஆரம்பித்தேன், கை அப்படிப் பழகிவிட்டது.

பகலில் கவலை வந்தால் சிட்டையில் ஒரே ஒரு வரி, பக்கத்தில் நேரம். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கக்கூடாது. "ஐந்து மணிக்கு வா" என்று வாய்விட்டே சொல்லுவேன், கேட்க யார் இருக்கிறார்கள்! முதல் நாட்களில் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரே கவலை ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை வரும். ஆறு தடவையும் எழுதுங்கள். ஏழாவது தடவை எழுத உங்களுக்கே சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பு நல்லது.

என் சிட்டையிலிருந்து சில வரிகள்:

மார்ச் 29, காலை 10.40. பிரஷர் மாத்திரை ஒன்பதுதான் இருக்கிறது.

ஏப்ரல் 2, மதியம் 1.15. தொண்டை கரகரப்பு.

ஏப்ரல் 2, 1.50. அதே தொண்டை.

ஏப்ரல் 5, இரவு 9.20. ஊரே விளக்கேற்றியது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில்தான் வெளிச்சம். மற்றதெல்லாம் பூட்டிய வீடு.

ஏப்ரல் 6, காலை 5. நான் இங்கே விழுந்து கிடந்தால் எத்தனை நாள் கழித்துத் தெரியும்?

ஐந்து மணிக்குப் பத்தியில் உட்கார்ந்து, போனில் அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுவேன். நான்கு பத்தி: தேதி, கவலை, என்னால் ஆவது, பைசல். மூன்றாம் பத்திதான் உயிர். மாத்திரைக்கு எதிரே "நாளை காலை ஒன்பதுக்கு மருந்துக்கடைக்குப் போன், பால்காரத் தம்பியிடம் சீட்டு" என்று எழுதினேன். மறுநாள் வந்துவிட்டது, பைசல். தொண்டைக்கு எதிரே "வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பு, காலை மாலை காய்ச்சல் பார்ப்பது, மூன்று நாள்". மூன்றாம் நாள் பைசல். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தன் மகனுக்கு வந்துவிடுமோ என்பதற்கு எதிரே என்ன எழுத? "நம் கையில் இல்லை" என்று முழுசாக எழுதினேன். சுருக்கி எழுதவில்லை, ஒவ்வொரு தடவையும் மூன்று சொல்லையும் எழுதினேன். அடுத்து, "வெள்ளிக்கிழமை பேசுவது."

அலாரம் அடித்ததும் நோட்டை மூடி நூலைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். பாதி வரியில் இருந்தாலும் சரி. முகம் கழுவ வேண்டும். பிறகு விளக்கு. படுக்கப்போகும் நேரத்தை ஒட்டி இந்தக் கணக்கை வைக்காதீர்கள், கட்டிலில் உட்கார்ந்தும் எழுதாதீர்கள்.

ஏப்ரல் 6ஆம் தேதி வரிக்குத்தான் நாலு நாள் பைசல் ஆகவில்லை. விழுந்து கிடப்பது என்ற பயம் தனியாக இருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள். கடைசியில் எதிர்வீட்டு அண்ணிக்குப் போன் போட்டேன். தினமும் ஏழு மணிக்குள் என் வாசலில் கோலம் இருக்கும், இல்லையென்றால் போன் அடியுங்கள், எடுக்காவிட்டால் பின்வாசல் சாவி உங்களிடம் இருக்கிறது, ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஏற்பாடு. "நல்ல வேளை கேட்டீக, நான் தினமும் காலையில உங்க வாசலத்தான் பாக்குறேன்" என்றார் அண்ணி. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஒரு நாள் மழையில் கோலம் அழிந்துபோய், ஏழு ஐந்துக்கு எதிர்வீட்டு அண்ணன், அவர் மகன், பால்காரர் மூன்று பேரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் நின்றார்கள். அசடு வழிந்தது. ஆனாலும் ஏற்பாடு வேலை செய்கிறது என்று தெரிந்தது. இன்றைக்கும் அந்த ஏற்பாடு உண்டு, மழை நாளில் கோலத்துக்குப் பதில் திண்ணையில் செம்பு.

ராத்திரி மூன்று மணி

நோட்டுக்கு அடங்காத பயம் ஒன்று உண்டு. காரணமே இல்லாமல் திடீரென்று விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், இதோ போகப்போகிறேன் என்று தோன்றும். அப்போது யோசித்துப் பிரயோசனம் இல்லை, உடம்பைத்தான் முதலில் இறக்க வேண்டும்.

நான் செய்தது இது. கட்டிலில் புரளாமல் எழுந்துவிடுவேன். இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவதே நல்லது. செருப்பில்லாமல் பத்தியில் நிற்பேன். எங்கள் முகப்பில் பளிங்கு, பின்கட்டில் ஆத்தங்குடிக் கல். சித்திரை வெயிலிலும் ராத்திரி அந்தக் கல் உள்ளங்காலில் குளுகுளுவென்று இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெல்ல விடுவேன். விடும்போது இதயத்துடிப்பு தானாகச் சற்றுக் குறையும், அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். அடக்கி வைக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு தடவை.

அப்புறம் கண்ணுக்கு ஒரு வேலை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் சாயக்கலவையைக் கையால் ஊற்றிச் செய்வது, அதனால் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஒரு கல்லில் பச்சை இதழ் பக்கத்துச் சிவப்புக்குள் நூலளவு வழிந்திருக்கும், இன்னொன்றில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்துக் கற்களுக்கு வித்தியாசம் கண்டுபிடிப்பேன். ஏழெட்டுக் கல் போவதற்குள் படபடப்பு அடங்கிவிடும். உங்கள் வீட்டில் கல் இல்லாவிட்டால் போர்வையில் பூ இருக்கும், அரிசியில் கல் இருக்கும். எதுவானாலும் கண் உற்றுப் பார்க்க வேண்டும், தோல் எதையாவது தொட வேண்டும்.

கைக்கு வேலை

பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டு மறந்துபோன கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுவதை ஐம்பது வருஷம் கழித்துத் திரும்ப எடுத்தேன். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்துத் தண்ணீரில் நனைத்தால் வளைந்துகொடுக்கும். முதலில் அடி. எட்டுக் கீற்றை நெடுக்கே பரப்பி, எட்டைக் குறுக்கே விட்டு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று பின்ன வேண்டும். இது வரைக்கும் மனசு எங்கே வேண்டுமானாலும் போகலாம். மூலை திருப்பும்போதுதான் சோதனை. அங்கே நாலு கீற்றையும் விரலிடுக்கில் பிடித்து ஒரே இறுக்கத்தில் மடக்க வேண்டும். அந்த நேரத்தில் சென்னையில் எத்தனை பேருக்கு என்று நினைத்தால் போச்சு, அடி கோணிக்கொள்ளும். என் முதல் கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. பூண்டு போட்டு வைத்தேன். ஆறாவது, எதிர்வீட்டுக்கு வத்தல் கொடுத்து அனுப்புகிற தரத்துக்கு வந்தது.

டிவி பார்ப்பதைவிட இது ஏன் நல்லது என்று யோசித்திருக்கிறேன். கை தப்பு செய்தால் உடனே தெரிகிற வேலையாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் காரணம். முறுக்குச் சுற்றுவது, தையல், பூத்தொடுப்பது எல்லாம் சேரும். சித்திரை வெயில் வீணாகாமல் மோர்மிளகாயும் கொத்தவரங்காய் வத்தலும் போட்டேன். ஒற்றை ஆளுக்கு நாலு கிலோ மோர்மிளகாய். மாதங்கள் கழித்துப் பங்காளிகள் வந்தபோது ஆளுக்கொரு பை.

போன், செய்தி

செய்தி ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரவு ஏழு மணி, பதினைந்து நிமிடம். போதும். மாவட்டவாரி எண்ணிக்கையை மூன்று சேனலில் பார்த்தாலும் எண்ணிக்கை அதேதான். வெங்காயத்தை உரித்து மூலைக்கு மூலை வைத்தால் கிருமி ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி எங்கள் குடும்பத்தில் ஒருவர் அரைக் கிலோ வெங்காயத்தை வீணாக்கினார். நான் குழுவைச் சத்தமில்லாமல் ஆக்கி வைத்தேன். கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், குடித்தேன், கசந்தது. அதைக் குடித்துவிட்டோம் என்று முகக்கவசத்தை மட்டும் கழற்றவில்லை.

போன் பேசுவதில் ஒன்று கவனித்தேன். "எப்படி இருக்கீக, பத்திரமா இருங்க" என்று ஆரம்பிக்கிற போன் எல்லாம் வைத்த பிறகு பயத்தைக் கூட்டிவிட்டுத்தான் போகும். "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போகும். தேவகோட்டையில் இருக்கும் என் தங்கையும் நானும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பதினொன்றரைக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டு இருவரும் சமைப்போம். பேச வேண்டியதில்லை. அவள் வீட்டில் கடுகு வெடிக்கும், இங்கே நான் வெண்டைக்காய் மண்டிக்குக் கழனித்தண்ணீர் ஊற்றுவேன். "உப்புப் போட்டியா?" என்பாள் நடுவில். அந்த முக்கால் மணி நேரம் வீட்டில் இன்னொரு ஆள் இருந்த மாதிரியே இருக்கும்.

எனக்கே வந்தபோது

2021 மே மாதம், இரண்டாம் அலையில், எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள், முடிவு பாசிட்டிவ். லேசானதுதான், வீட்டிலேயே இருங்கள் என்றார் டாக்டர். அறிகுறி தொடங்கி பத்து நாள், அதிலும் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எதிர்வீட்டு அண்ணன் தூக்குவாளியைத் திண்ணையில் வைத்துத் தள்ளிப்போய் நின்று இருமிக் காட்டுவார், வாளி வந்துவிட்டது என்று அர்த்தம். கொரோனா காலத்தில் இருமலை அடையாளமாக வைத்த ஒரே மனிதர் அவர்தான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அவசியம், ஆனால் அதைப் பயன்படுத்தும் விதம் தெரியாவிட்டால் அதுவே நோய். முதல் நாள் இருபத்தேழு தடவை மாட்டிப் பார்த்தேன். 97, 95, 96. 95 வந்தால் பயத்தில் உயிரே போய்விடும். மறுநாள் டாக்டர் போனில் திட்டினார். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கை சூடாக இருக்கும்போது, நகப்பூச்சு இல்லாத விரலில், ஆடாமல் மாட்டி, எண் நிலைத்த பிறகு பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, நேரம் குறித்து. 94க்குக் கீழே போனால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அந்த நோயில் மூச்சுத்திணறலே தெரியாமல் எண் இறங்குவது உண்டு, அதனால் நன்றாக இருக்கிறோம் என்று தோன்றினாலும் குறித்த நேரத்தில் பார்க்கத்தான் வேண்டும். பயத்தால் மூச்சு முட்டினால் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அது ஒரு ஆறுதல். ஆனால் எண் எப்படி இருந்தாலும், விடாத நெஞ்சு வலி, உதடு நீலம், பேச்சில் குழப்பம், எழுந்திருக்க முடியாத அசதி என்றால் யோசிக்காமல் 108.

காய்ச்சல் போன பிறகு வந்ததுதான் எனக்குக் கஷ்டம். ஆனி மாதம் முழுக்கத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, கோலம் மட்டும் போட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வேன். நோட்டும் மூச்சும் கல்லும் எதுவும் உதவவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் காரைக்குடியில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்தார், நாலு மாதம் சாப்பிட்டேன், அவர் சொன்னபடி மெல்லக் குறைத்து நிறுத்தினேன். எங்கள் பக்கம் சர்க்கரை மாத்திரையைப் பந்தியில் எல்லார் முன்னாலும் பிரிப்பார்கள், இந்த மாத்திரையை மட்டும் ஜாக்கெட்டுக்குள் ஒளிப்பார்கள். நான் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலோ, இருந்து என்ன என்று ஒரு தடவை தோன்றினாலோகூட, ஐந்து மணிக் கணக்குக்குக் காத்திருக்காமல் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. 104ம் உண்டு.

போக முடியாத துக்கம்

அதே மே மாதம் சென்னையில் எங்கள் பெரியப்பா மகன், என் அண்ணன், போய்விட்டார். நான் காய்ச்சலில் கிடந்தேன். எடுத்துக்கொண்டு போனதை யாரோ போனில் காட்டினார்கள், பிளாஸ்டிக் சுற்றிய ஒரு நீளம், அவ்வளவுதான். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். யாராவது அப்படிக் காட்டினால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எட்டாம் நாள் சாயங்காலம் உடன்பிறந்தார், பங்காளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனில் வந்தோம். அழுகை, ஒப்பாரி எல்லாம் ஆன பிறகு, ஆளுக்கு ஒன்று சொல்வது என்று வைத்துக்கொண்டோம். பிள்ளையார்பட்டிக்கு நடந்து போகும்போது எங்கள் எல்லார் செருப்பையும் ஒரே துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் என்று நான் சொன்னேன். ஆறு மாதம் கழித்துச் சென்னைக்குப் போய் அண்ணியிடம் துக்கம் கேட்டேன். ஆறு மாதம் கழித்தா என்று நினைக்காதீர்கள். அண்ணி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் நடந்தது போல அழுதார். அதுவரைக்கும் அவர் வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டவர்கள் நாலு பேர்தானாம்.

உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் பேரேட்டுக்கு ஐந்தொகை போட்டேன். மொத்தம் 214 வரி. பைசல் ஆனது 61. வராமலே போனது 149, அதற்கு எதிரே எல்லாம் வராக்கடன் என்று சிவப்பு மையில் எழுதினேன், அதில் ஒரு சந்தோஷம். வந்தது நாலு, எனக்கு வந்த காய்ச்சலும் அதில் ஒன்று. அண்ணன் பெயர் அந்த நோட்டில் எங்குமே இல்லை. அவரைப் பற்றி நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அவ்வளவு திடகாத்திரம்.

தங்கை மகளுக்கு எழுதியதன் கடைசிப் பக்கத்தில் வாங்கி வைக்க வேண்டியவற்றைக் குறித்திருந்தேன்: இரண்டு நோட்டு, காய்ச்சல்மானி, ஆக்சிமீட்டருக்கு மாற்று பேட்டரி, ஒரு மாத மாத்திரை, கையில் கொஞ்சம் ரொக்கம், டார்ச், பக்கத்து வீட்டில் ஒரு சாவி. நேற்று போன் செய்து, எல்லாம் வாங்கிவிட்டாள் என்றும் அபார்ட்மெண்ட்டில் கோலம் போட இடம் இல்லை என்றும் சொன்னாள். கதவுக் கைப்பிடியில் காலையில் ஒரு துணிப்பையை மாட்டச் சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கு எதிர் பிளாட் பெண் பார்ப்பாளாம்.